மகனீசிய ரிம்மை யார் கையில் கொடுப்பது: யாழ்ப்பாணத்துக் கார்க்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துரு எடுக்கும் அமிலத் தொட்டிக்குள் என் ரிம் இறங்கியதும் தொட்டி கொதிப்பதுபோல நுரைத்தது. கீழே அடுப்பு எதுவும் எரியவில்லை. "அழுக்கு நன்றாகக் கழல்கிறது, அண்ணை" என்று வேலை செய்த தம்பி மகிழ்ச்சியோடு சொன்னான். கழன்றது ரிம்மேதான். சில நிமிடங்கள் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது அது சாம்பல் கறுப்பாக, முருகைக்கல்லைப் போலத் துளை துளையாக இருந்தது. சித்தப்பா லண்டனில் தேடி வாங்கி அனுப்பிய நான்கு பழைய மினிலைட் மகனீசிய ரிம்களில் ஒன்று அன்றோடு போயிற்று.

அந்தப் பட்டறையில் இரும்பு வேலையை அருமையாகச் செய்வார்கள். இது என்ன உலோகம் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஞ்சிய மூன்றையும் திருத்த நல்ல கையைத் தேடி அலைந்ததில் கற்றதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். மகனீசிய ரிம் வைத்திருப்பவருக்கு முழுவதும் பயன்படும். அலுமினிய ரிம் வைத்திருப்பவருக்கும் பெரும்பகுதி பயன்படும்.

முதலில் உலோகத்தை உறுதிசெய்யுங்கள்

கைகள் விரிந்த எந்த அலோய் ரிம்மையும் 'மக் ரிம்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பெயர் உண்மையான மகனீசியத்திலிருந்து வந்ததுதான். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹலிபிராண்ட் நிறுவனம் பந்தயக் கார்களுக்கு மகனீசிய ரிம்களை வார்த்தது. 1960களில் இங்கிலாந்தில் மினிலைட் வந்தது. ஜப்பானில் ரொயோட்டா 2000ஜிரி மகனீசிய ரிம்மோடு ஓடியது. பிறகு விலையும் அரிப்பும் பார்த்து உலகம் அலுமினியத்துக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று எங்கள் வீதிகளில் ஓடும் அக்வா, அக்சியோ, பிரீமியோ, வெசல் ஆகியவற்றில் வழக்கமாக இருப்பது அலுமினியக் கலப்புலோகம். ஆகவே உங்களிடம் இருப்பது மகனீசியமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. பழைய மினி, பந்தய வகை ஜப்பானிய ரிம், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய ரிம் என்றால் சோதித்தே ஆக வேண்டும்.

ரிம்மின் உள்பக்கத்தையும் ரயர் மூடும் பகுதியையும் கழுவிவிட்டு எழுத்துகளைத் தேடுங்கள். 'எம்ஜி', 'ஏஇசட்91', 'இலெக்ட்ரோன்' என்று வார்ப்பில் இருந்தால் மகனீசியம். ஜப்பானிய ரிம்களில் காணப்படும் 'ஜேடபிள்யூஎல்' என்ற குறி இலேசான கலப்புலோகங்களுக்கான பொதுத் தரக்குறி. அதை வைத்து எந்த உலோகம் என்று முடிவுகட்ட முடியாது. காந்தமும் உதவாது. இரும்பை மட்டும் அது பிரித்துக் காட்டும்; அலுமினியமும் மகனீசியமும் அதில் ஒட்டா.

எழுத்து எதுவும் இல்லையென்றால் நான் செய்வது நிறுவைச் சோதனை. வெளிநாட்டுக்குப் பொதி கட்டும் வீடுகளில் ஒரு தொங்கு தராசு இருக்கும். ரயர், வால்வு, பலன்ஸ் ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரிம்மை அதில் தொங்கவிட்டு நிறுங்கள். பிறகு கிணற்றடித் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, தொங்கியபடியே முழுவதும் அமிழ்த்தி, அடியிலோ சுவரிலோ முட்டாமல், காற்றுக் குமிழ் சிக்காமல் மறுபடி நிறுங்கள். முதல் நிறையை, தண்ணீரில் குறைந்த நிறையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உதாரணமாக, காற்றில் 6 கிலோ இருக்கும் ரிம் தண்ணீரில் ஏறக்குறைய 3.8 கிலோ காட்டினால் குறைந்தது 2.2, அடர்த்தி 2.7, அலுமினியம். தண்ணீரில் 2.7 கிலோதான் காட்டினால் குறைந்தது 3.3, அடர்த்தி 1.8, மகனீசியக் கலப்புலோகம். இரண்டு விடைகளுக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் சாதாரணத் தராசே போதும். முடிந்ததும் ரிம்மைத் துடைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இன்னும் ஐயமிருந்தால் வினாகிரி. ரிம்மின் உள்பக்க மூலையில் ஒரு கடலைப் பருப்பளவு இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் ஒரு துளி விடுங்கள். மகனீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா கிடக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடாவை அமிலத்தில் போட்டு ஐதரசனைப் பிடித்த அதே பரிசோதனைதான் இது. நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சுரண்டிய இடத்துக்கு அன்றே வர்ணம் தொட்டுவிடுங்கள்.

உப்பும் நெருப்பும்

கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களுக்குள் மகனீசியம்தான் மிக எளிதில் அரிபடுவது. இரும்பு போல்ட்டோ ஈயமோ அதைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைவது எப்போதும் மகனீசியமே. பண்ணைப் பாலத்தில் சோளகம் வீசும்போது கார்க் கண்ணாடியில் படியும் உப்பை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கம் வீடு இருந்தால் அந்த உப்பு கார் நிற்கும்போதும் படிகிறது. ஈர மண் சேறும் குளிரும் உள்ள நாட்டுக்கு எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்பு இங்கே போதாது. எங்களுக்கு ரிம்மின் முகப்புப் பளபளப்பைவிட, அதன் அடியில் இருக்கும் காப்புப் பூச்சு முக்கியம்.

நெருப்பைப் பற்றி இரு மாதிரியான தவறான பேச்சுகள் உண்டு. முழு ரிம் தீக்குச்சியில் பற்றாது. கனமான உலோகம் சூட்டை வேகமாகக் கடத்திவிடும். ஆனால் அரைக்கும்போது விழும் தூளும் கடைச்சலில் விழும் சுருளும் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது: எரியும் மகனீசியம் தண்ணீரிலிருந்து ஐதரசனைப் பிரித்துவிடும், தீ இன்னும் பெரிதாகும். காபனீரொட்சைட்டு வாயுவுக்குள்ளேயும் அது எரியும். 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லு மான் பந்தயத்தில், மகனீசியக் கலப்புலோக உடல் கொண்ட மேர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் பார்வையாளர் பக்கம் பாய்ந்து எரிந்தபோது, ஊற்றிய தண்ணீர் தீயை மோசமாக்கியது. அன்றைய விபத்தில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலோகத் தீக்கென்றே செய்யப்படும் 'டி' வகை உலர்தூள் அணைப்பான் வேண்டும். பட்டறையைப் பார்க்கப் போகும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

எதைத் திருத்தலாம், எதை விட்டுவிட வேண்டும்

பட்டறையைத் தேடுமுன் உங்கள் ரிம்முக்கு என்ன வேலை என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். வர்ணம் உரிந்தது, மேலாக வெள்ளைப் பூ பூத்தது, நடைபாதைக் கல்லில் உரசிய கீறல்: இவை பூச்சு வேலை. விளிம்பு நெளிந்தது: இது வேறு கைத்திறன். மகனீசியத்தின் படிக அமைப்பு அறை வெப்பத்தில் வளைந்து கொடுக்காது. 200 பாகை செல்சியசுக்கு மேல் அளவோடு சூடாக்கித்தான் மெல்ல நிமிர்த்த வேண்டும். குளிர்ந்த ரிம்மில் சுத்தியலால் தட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உள்ளே வைத்துவிடுவார்.

வெடிப்பு இருந்தால் என் முடிவு கடுமையானது. கைகளிலும், நடுக் குடத்திலும், போல்ட் துளைகளைச் சுற்றியும் வெடிப்புள்ள ரிம்மை வெல்டிங் செய்து ஒட்டக்கூடாது. ஆகன் வாயுவில் மகனீசியக் கம்பி கொண்டு அழகாக ஒட்ட முடியும், உண்மை. ஆனால் ஒட்டிய இடத்தைச் சுற்றி உலோகத்தின் வலு மாறிவிடுகிறது. ஆனையிறவு தாண்டி ஏ9 வீதியில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அந்த ரிம்மில்தான் வீட்டார் எல்லோரும் இருப்பார்கள். ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரைவிட, இதைச் சுவரில் மாட்டுங்கள் என்று சொல்பவரை நம்புங்கள்.

ஆளை எங்கே தேடுவது

யாழ்ப்பாணத்தில் பவுடர் கோட்டிங் செய்யும் இடங்கள் பெரும்பாலும் படலை, சன்னல் கம்பி, கதிரை ஆகியவற்றை நம்பி இயங்குபவை. அலுமினிய ரிம்மை ஒழுங்காகச் செய்யும் கை அவர்களுக்குள்ளும் இருக்கலாம். மகனீசியத்துக்கு அது போதாது. ரயர் கடைகள் ரயர் கழற்றவும் பலன்ஸ் பார்க்கவும் நல்லவை; பூச்சு வேலையை அவர்கள் இன்னொருவரிடம் கொடுத்தால், யாரிடம் என்று கேட்டு அவரிடமே நேராகப் போங்கள். நடுவில் ஒருவர் நின்றால் 'இது மகனீசியம்' என்ற செய்தி வழியில் தொலைந்துவிடும். என் ரிம்முக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றைச் சொல்கிறேன். பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் உடல் மகனீசியக் கலப்புலோகத்தில் வார்த்தது. அதைப் பிரித்துக் கடைச்சல் போட்டு, துளை அடைத்து, காலங்காலமாக வேலை பார்த்தவர்களுக்கு இந்த உலோகத்தின் குணம் கையில் தெரியும். மரம் அறுக்கும் இயந்திர வாள்களிலும் பல மகனீசிய வார்ப்பு உடல் கொண்டவை. ஆகவே ரிம் கடைகளில் விசாரிப்பதோடு நிற்காமல், பீட்டில் வைத்திருப்பவர்களிடமும் பழைய கார் கராஜ்களிலும் 'மகனீசியம் தொட்ட கடைச்சற்காரர் யார்?' என்று கேளுங்கள். மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஓட்டிக் காப்பாற்றிய ஊர் இது. பழைய கை இன்னும் இருக்கிறது, அதைக் கேட்டுப் போகத்தான் வேண்டும்.

இங்கே ஆள் கிடைக்கவில்லையென்றால் கொழும்பு. சுமார் 400 கிலோமீற்றர் என்பதால் ஒருமுறை போய்ப் பார்த்து, பேசி, பிறகு அனுப்புவது நல்லது. ஒவ்வொரு ரிம்மையும் தனித்தனிச் சாக்கில் துணி சுற்றி, வார்ப்பு இலக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாறி வந்தால் காட்ட வேறு சான்று இராது.

இன்னொன்று: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருந்ததைத் திருத்தி ஓட்டும் தேவை பெருகியது. அனுபவம் எத்தனை ஆண்டு என்று கேட்பதைவிட, செய்த ரிம்களில் இரண்டு மழைக்காலம் கண்ட ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய ரிம் எல்லோர் கையிலும் மின்னும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் 'நான்கு ரிம் இருக்கிறது, வர்ணம் போக வேண்டும்' என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். "என்ன ரிம், தம்பி? அலுமினியமா, வேறேதுமா?" என்று மறுமுனையிலிருந்து கேள்வி வந்தால் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே விலை வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்தது: பழைய வர்ணத்தை எதனால் கழற்றுவீர்கள்? இந்த ஒரு கேள்வியே ஆளைக் காட்டிவிடும். அலுமினியமும் மகனீசியமும் இங்கே நேர் எதிர். எரிசோடா போன்ற வலிய காரம் அலுமினியத்தைத் தின்னும், மகனீசியத்தை ஒன்றும் செய்யாது. சாதாரண அமிலங்கள் மகனீசியத்தைத் தின்னும். 'மகனீசியத்துக்கு அமிலம் வைக்கமாட்டேன். காரத்திலோ வர்ணம் கழற்றும் திரவத்திலோ எடுப்பேன்' என்பது சரியான விடை. 'எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டிதான்' என்பது எந்த உலோகத்துக்கும் தவறான விடை. சூளையில் வைத்து வர்ணத்தை எரித்து எடுப்பதாகச் சொன்னாலும் வேண்டாம். அந்தச் சூடு அலுமினிய ரிம்மின் பதத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது: வெறும் உலோகம் வெளியே வந்த பிறகு முதற்பூச்சு எத்தனை மணி நேரத்தில்? அன்றே என்று வர வேண்டும். எங்கள் காற்றில் ஒரு இரவு வெறுமையாகக் கிடந்தாலே அரிப்புத் தொடங்கிவிடும்.

பட்டறைக்குப் போய்ப் பாருங்கள்

இரும்பு அரைக்கும் கல்லிலேயே மகனீசியத்தை அரைக்கிறார்களா என்று கவனியுங்கள். இரும்பிலிருந்து தெறிக்கும் பொறி, கல்லடியில் குவிந்த மகனீசியத் தூளில் விழுந்தால் தீ. தரை பெருக்கியிருக்கிறதா, தூள் தனியாக மூடி வைக்கப்படுகிறதா, 'டி' வகை அணைப்பான் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் வாளியைக் காட்டினால் திரும்பி வாருங்கள். உங்கள் ரிம்மைவிட அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் கையும் கண்ணும் பெரிது.

மணல் வீச்சு அறையில் என்ன தூள் பயன்படுத்துகிறார்கள் என்று கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி மணியோ பிளாஸ்திக்குத் தூளோ நல்லது. இரும்புக் குண்டு வீசிய அறை என்றால், இரும்புத் துகள் மகனீசியத்துக்குள் பதிந்து ஒவ்வொன்றும் ஒரு அரிப்புப் புள்ளியாகும். சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் கொண்டுபோய் அந்தத் தூளில் வைத்து எடுத்தால் உண்மை ஒட்டிக்கொண்டு வரும்.

சூளையில் வேலை செய்யும் வெப்பமானி இருக்க வேண்டும். பவுடர் பூச்சு வழக்கமாக 180 முதல் 200 பாகை செல்சியசில் இறுகும். அதற்கு மேல் ஏறினால் ரிம்மின் வலு குறையத் தொடங்கும். மகனீசிய வார்ப்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால், பூசுமுன் ஒருமுறை வெறுமையாகச் சூடாக்கிக் காற்றை வெளியேற்றாவிட்டால் பூச்சில் கொப்புளம் விழும். இதை அவராகவே சொன்னால் அவர் மகனீசியம் செய்தவர்.

கழிவு நீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பழைய காப்பு முறைகளில் குரோமேற்றுக் கரைசல் பயன்பட்டது. அதிலுள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோய் தருவது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போய்விடும். குரோமியம் இல்லாத காப்புக் கரைசல்கள் இப்போது இருக்கின்றன. பின்வளவில் ஊற்றுகிறோம் என்று சொல்பவரிடம் எத்தனை மலிவாக இருந்தாலும் நான் வேலை கொடுக்கமாட்டேன்.

வேலைத் துண்டில் எழுதி வாங்குங்கள்

வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். முதல் வரியில் 'மகனீசியம், அமிலம் கூடாது' என்று பெரிதாக இருக்கட்டும். அதே வரியை ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு ரிம்மிலும் கட்டிவிடுங்கள்.

வேலையின் ஒழுங்கு இதுதான்: வர்ணம் கழற்றியதும் வெடிப்புச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊற விட்டு, துடைத்து, மேலே வெள்ளைத் தூளைத் தெளிப்பார்கள். வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து, வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனையால் இழுத்த கோடுபோல எழும். என் மூன்றில் ஒன்றில் போல்ட் துளையின் ஓரத்தில் ஒரு விரல் நகத்தளவு கோடு எழுந்தது. அதுவரை கையால் தடவியும் வில்லை வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் படம் எடுத்து அனுப்பவும், உங்கள் சம்மதம் இல்லாமல் மேலே போகாதிருக்கவும் எழுதி வாங்குங்கள். வெடிப்புக்கு மேல் பூச்சு விழுந்துவிட்டால் யாராலும் காண முடியாது. அதன் பிறகு டயல் மானியால் ஓட்டம் (சுற்றும்போது ரிம் ஆடுகிறதா என்று) பார்த்தல், காப்புக் கரைசல், எப்பொக்சிப் பிரைமர், நிறம், கிளியர் பூச்சு.

முகப்பைக் கடைந்து மினுக்கி, மேலே கிளியர் மட்டும் பூசும் அழகைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். கிளியரில் ஒரு சிறு கல் பட்டாலும் அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல அரிப்பு ஓடும். அலுமினிய ரிம்முக்கும் கடலோரத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

போல்ட் துளையின் கூம்புப் பகுதியிலும், காரின் குடத்தில் பதியும் பின்முகத்திலும் தடித்த பூச்சு விழக்கூடாது. அங்கே பூச்சு நசுங்கினால் நட்டு தானாகவே தளரும்.

திரும்பி வந்ததும்

பணம் கொடுக்குமுன் ரயர் போட்டுக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழ் பாருங்கள். பலன்ஸ் ஈயம் விளிம்பில் அடித்துக் கொழுவும் வகை வேண்டாம். அந்தக் கொழுக்கி பூச்சை வெட்டி இரும்பை நேராக மகனீசியத்தில் சேர்க்கும். உள்பக்கத்தில் ஒட்டும் வகையைக் கேளுங்கள்.

நட்டை முறுக்கு மானியால் இறுக்குங்கள். பல ரொயோட்டாக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். உங்கள் காருக்குரியதைக் கைநூலில் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுப் பூச்சு அமர்ந்து நட்டு சற்றுத் தளர்ந்திருக்கலாம்.

கழுவும்போது 'ரிம் கிளீனர்' என்று விற்கும் அமிலத் திரவங்களைத் தொட வேண்டாம். சாதாரண சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போதும். உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பை நீங்களே பூசியதாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. தீவுப் பக்கம் போய் வந்த அன்றே கழுவி, போல்ட் துளைகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

வாடைக் காற்றோடு மழை தொடங்குமுன், ஐப்பசி பிறக்கும் கிழமையில், நான் மிஞ்சிய இரண்டு ரிம்களையும் கழற்றி உள்பக்கம் பார்க்கிறேன். கல் தெறித்த இடம் இருந்தால் அன்றே சுரண்டி, பிரைமர் தொட்டு, நிறம் வைக்கிறேன். போல்ட் ஓரத்தில் சிவப்புக் கோடு எழுந்த ரிம் காரில் இல்லை. அமிலம் தின்ற ரிம்மோடு அது கராஜ் சுவரில் தொங்குகிறது.